ஸ்டெப்பர் மோட்டார் சுற்றவில்லையா? மல்டிமீட்டரில் தொடங்கி புரோகிராம் வரை முழுச் சோதனை

ஒவ்வொரு பல்ஸுக்கும் (மின் துடிப்பு) ஒரு ஸ்டெப் மட்டும் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரின் வசதியும் வில்லங்கமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஆர்டுயினோ (நம் புரோகிராம் ஓடும் சின்ன கன்ட்ரோலர் போர்டு) 200 பல்ஸ் அனுப்பினால் ஷாஃப்ட் ஒரு சுற்று வந்திருக்கும் என்று நம்பிக்கொள்கிறோம். உண்மையிலேயே வந்ததா என்பது ஆர்டுயினோவுக்கும் தெரியாது, பல்ஸை வாங்கி மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவருக்கும் தெரியாது. மோட்டாரிலிருந்து திரும்பி வரும் தகவல் என்று எதுவுமே கிடையாது. சீரியல் மானிட்டர் "3200 ஸ்டெப் முடிந்தது" என்று காட்டும்போது மோட்டார் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம்.

அதனால் கோளாறு வரும்போது நம் காது, விரல், மல்டிமீட்டர் இந்த மூன்றும்தான் உதவும். பெரும்பாலானவர்கள் முதலில் புரோகிராமைத்தான் பிரித்து மேய்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். வயர், பவர், கரன்ட் அளவு இந்த மூன்றையும் சரிபார்க்காமல் புரோகிராமை மாற்றிக்கொண்டே போனால், எந்த மாற்றத்தால் என்ன நடந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

இங்கே எடுத்துக்கொள்வது எல்லோர் மேஜையிலும் இருக்கும் கூட்டணி: நான்கு வயர் நேமா 17 மோட்டார் (ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி, சுற்றுக்கு 200 ஸ்டெப்), ஏ4988 டிரைவர் போர்டு, ஆர்டுயினோ ஊனோ, 12 வோல்ட் சப்ளை. டி.ஆர்.வி.8825 டிரைவர், இ.எஸ்.பி.32 கன்ட்ரோலர் போர்டு, சின்ன 28பி.ஒய்.ஜே-48 மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் வேறுபடும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மோட்டார் என்ன செய்கிறது என்று பாருங்கள்

பவர் இல்லாதபோது ஷாஃப்டை விரலால் திருப்பினால் லேசாக விட்டுவிட்டுத் தட்டுவது தெரியும். அது நிரந்தரக் காந்தத்தின் பிடி. பவர் கொடுத்ததும் அதே ஷாஃப்ட் இறுகிப்போக வேண்டும். இறுகவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் மோட்டாருக்குள் இருக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருள்) கரன்ட் போகவில்லை. பவர், டிரைவரின் எனேபிள், ஸ்லீப் பின்கள் பக்கம் தேடுங்கள்.

இறுகியிருக்கிறது, லேசாக 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் மட்டும், ஆனால் சுற்றவில்லை. இது நல்ல செய்தி. மோட்டாரும் டிரைவரும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன, ஸ்டெப் பல்ஸ்தான் வந்து சேரவில்லை.

நின்ற இடத்திலேயே உறுமி நடுங்கினால் மூன்று சந்தேகம்: காயில் ஜோடி மாறியிருக்கிறது, ஒரு காயில் அறுந்திருக்கிறது, அல்லது தொடக்க வேகம் மிக அதிகம். சில விநாடி ஓடி, நின்று, திரும்ப ஓடினால் டிரைவர் சூட்டில் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. எல்லாம் நன்றாக ஓடி, போய்ச் சேரும் இடம் மட்டும் தள்ளிப்போனால் அது தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

பவரை அணைத்துவிட்டு காயில் ஜோடியைக் கண்டுபிடியுங்கள்

மோட்டாரை டிரைவரிலிருந்து கழற்றுங்கள். பவரை அணைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால், காயிலில் தேங்கியிருக்கும் ஆற்றல் மின்னழுத்தத் துள்ளலாக வெளிப்பட்டு டிரைவரைக் கொன்றுவிடும். லூஸ் கனெக்டரும் இதே வேலையைத்தான் செய்யும். 'தானாகவே செத்துப்போன' டிரைவர்களில் பல இப்படிப் போனவைதான்.

மல்டிமீட்டரை ஓம் அளவின் மிகக் குறைந்த வரம்பில் வைத்து, நான்கு வயரையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். ஒரே காயிலின் இரு முனைகளுக்கிடையே நேமா 17-ல் பொதுவாகச் சில ஓம்தான் இருக்கும். வேறு வேறு காயிலென்றால் எதுவும் காட்டாது. இரண்டு ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று 2 ஓம், இன்னொன்று திறந்திருக்கிறது என்றால் அந்தக் காயிலோ அதன் வயரோ அறுந்திருக்கிறது. மீட்டரை வைத்தபடியே வயரையும் கிரிம்ப் செய்த இடத்தையும் ஆட்டிப் பாருங்கள். அளவு தாவினால் குற்றவாளி அங்கேதான். கையோடு ஒவ்வொரு வயருக்கும் மோட்டாரின் உலோக உடம்புக்கும் இடையிலும் அளந்துவிடுங்கள், அங்கே தொடர்பு இருக்கவே கூடாது.

மீட்டர் கையில் இல்லையா? இரண்டு வயர் நுனிகளை ஒன்றாக முறுக்கிவிட்டு ஷாஃப்டைத் திருப்புங்கள். ஒரே காயில் என்றால் சட்டென்று கனமாகும். வேறு வேறு என்றால் எந்த மாற்றமும் இருக்காது.

வயர் நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு தயாரிப்பாளருக்கு ஒரு வழக்கம். மோட்டார் பக்கம் 6 பின் சாக்கெட் இருந்து அதில் 4 மட்டும் பயன்படும் வகைகளில், கேபிளுக்குள்ளேயே நடு இரண்டு வயர்கள் இடம் மாறி வருவதும் உண்டு.

போர்டில் 1ஏ, 1பி ஒரு காயிலுக்கு, 2ஏ, 2பி மற்றதற்கு. ஒரு ஜோடிக்குள் இரண்டு முனை இடம் மாறினால் ஒன்றும் கெட்டுப்போகாது, சுற்றும் திசை மட்டும் மாறும். ஒரு ஜோடியின் வயர் இன்னொரு ஜோடிக்குப் போனால்தான் அந்த உறுமல்.

பவர்: இரண்டு சப்ளை, ஒரு கிரவுண்ட்

ஏ4988-க்கு மோட்டார் பவர் 8 முதல் 35 வோல்ட், லாஜிக் பவர் 3 முதல் 5.5 வோல்ட். லாஜிக்கை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்கலாம், மோட்டாரை அல்ல. இரண்டு சப்ளையின் கிரவுண்டும் கட்டாயம் இணைய வேண்டும். கிரவுண்ட் விட்டுப்போனால் மோட்டார் சில சமயம் ஓடும், சில சமயம் ஓடாது, கை வைத்தால் ஓடும். பேய் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும் சர்க்யூட்டில் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வயரைத்தான்.

மோட்டார் பவர் பின்னுக்குப் பக்கத்திலேயே ஒரு 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வையுங்கள். 12 வோல்ட் சப்ளைக்கு 35 வோல்ட் ரேட்டிங் உள்ளது போதும், பிளஸ் மைனஸ் பார்த்து. "அடாப்டரில்தான் ஃபில்டர் இருக்கிறதே, இது எதற்கு?" என்று விட்டுவிடாதீர்கள். நீளமான வயரின் தூண்டல் தன்மையும் போர்டில் இருக்கும் செராமிக் கெப்பாசிட்டரும் சேர்ந்து, பவரைச் செருகும் அந்தக் கணத்தில் மின்னழுத்தத்தைத் துள்ள வைக்கும். 12 வோல்ட் சப்ளையிலும் அந்தத் துள்ளல் 35 வோல்ட்டைத் தாண்டலாம். அப்புறம் டிரைவர் திரும்ப வராது.

சப்ளை வோல்ட்டை அடாப்டரின் வாயில் அளப்பதில் பிரயோஜனம் இல்லை. மோட்டார் ஓடும்போது டிரைவரின் பின்னிலேயே அளக்க வேண்டும். அங்கே 12 என்பது 9 ஆகியிருந்தால், நடுவில் மெல்லிய ஜம்பர் வயரோ பிரெட்போர்டோ தின்றுகொண்டிருக்கிறது. ஒரு ஆம்பியருக்கு மேல் ஓடும் மோட்டாரை பிரெட்போர்டில் வைத்து ஓட்டுவதே தவறு. உள்ளே இருக்கும் கிளிப் சூடாகி, தளர்ந்து, கடைசியில் பிளாஸ்டிக்கே உருகும்.

"மோட்டாரில 2.8 வோல்ட்னு போட்டிருக்கே, 12 கொடுக்கலாமா?" என்று அடிக்கடி கேட்பார்கள். கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். 1.68 ஆம்பியர், 1.65 ஓம் மோட்டார் என்றால் இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் அந்த 2.8. டிரைவர் கரன்ட்டை நறுக்கி நறுக்கி நீங்கள் வைத்த வரம்புக்குள் நிறுத்துகிறது. கூடுதல் வோல்ட் இருந்தால்தான், வேகமாக ஓடும்போது காயிலுக்குள் கரன்ட் சீக்கிரம் ஏறும். வேகம் கூட்டினால் மோட்டார் பலமிழக்கிறது என்பவர்களில் பலருக்கு 12-லிருந்து 24-க்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

டிரைவரின் கட்டுப்பாட்டுப் பின்கள்

ஷாஃப்ட் இறுகவே இல்லையென்றால் மூன்று பின்களை மீட்டரில் பாருங்கள். எனேபிள் தலைகீழாக வேலை செய்யும்: 0 வோல்ட் இருந்தால் டிரைவர் ஆன், 5 வோல்ட் இருந்தால் ஆஃப். ஸ்லீப், ரீசெட் இரண்டும் 5 வோல்ட் காட்ட வேண்டும். ஏ4988 போர்டில் ரீசெட் பின் எதனுடனும் இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அதைப் பக்கத்திலிருக்கும் ஸ்லீப்புடன் ஒரு சின்ன வயரால் இணைத்தால் போதும். இணைக்காமல் விட்டால் ஒரு சத்தமும் வராது, எரியவும் எரியாது, நாள் முழுக்கத் தேட வைக்கும்.

சி.என்.சி. ஷீல்டு (ஆர்டுயினோ மேல் உட்கார்ந்து டிரைவர்களைத் தாங்கும் போர்டு) பயன்படுத்துகிறீர்களென்றால் எனேபிள் ஆர்டுயினோவின் 8-ஆம் பின்னுக்குப் போகிறது. புரோகிராமில் அதை அவுட்புட் ஆக்கி லோவில் வையுங்கள்.

டிரைவரைத் திருப்பிச் செருகுவது இன்னொரு வழக்கமான விபத்து. கரன்ட் வரம்பை வைக்கும் குட்டித் திருகு ஏ4988-ல் ஒரு முனையிலும் டி.ஆர்.வி.8825-ல் எதிர் முனையிலும் இருக்கிறது. திருகை அடையாளமாக வைத்துச் செருகினால் பவர் கொடுத்த நொடியில் போய்விடும். எனேபிள் என்று அச்சடித்திருக்கும் பின்னைப் பார்த்துச் செருகுங்கள்.

இப்போது ஆர்டுயினோவே இல்லாமல் ஒரு சோதனை. பவரை அணைத்து, ஸ்டெப் பின்னுக்கு வரும் வயரை எடுத்துவிட்டு, அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பைப் பல சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது) ஜம்பர்களை எல்லாம் கழற்றி முழு ஸ்டெப்பில் வையுங்கள். ஷாஃப்டில் ஒரு துண்டு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டிக்கொள்ளுங்கள். பவர் கொடுத்து, 5 வோல்ட்டிலிருந்து வரும் வயர் நுனியால் ஸ்டெப் பின்னைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். தொடும்போதெல்லாம் கொடி துள்ளும். கை நடுக்கத்தில் ஒரே தொடுதலில் இரண்டு மூன்று ஸ்டெப் போகலாம், பரவாயில்லை. கொடி அசைகிறதென்றால் டிரைவர், மோட்டார், வயரிங் மூன்றும் சரி. மீதி எல்லாம் ஆர்டுயினோ பக்கம்தான்.

கரன்ட் வரம்பு: எல்லோரும் சறுக்கும் இடம்

போர்டிலிருக்கும் குட்டித் திருகு ஒரு மின்னழுத்தத்தை மாற்றுகிறது. அதை வி-ரெஃப் என்பார்கள். ஏ4988-க்கான கணக்கு: வி-ரெஃப் = கரன்ட் × 8 × சென்ஸ் ரெசிஸ்டர்.

சிக்கலே கரன்ட்டை அளக்க உதவும் அந்தச் சென்ஸ் ரெசிஸ்டரில்தான். அது எல்லாப் போர்டிலும் ஒன்றல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ வாங்கும் மலிவு போர்டுகளில் பெரும்பாலும் 'ஆர்100' என்று இருக்கும், அதாவது 0.1 ஓம். சிலவற்றில் 'ஆர்050', சிலவற்றில் 'ஆர்068'. சிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கறுப்புக் கட்டிகளை மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், எழுத்து தெரியும். 1 ஆம்பியர் வேண்டுமென்றால் ஆர்100-க்கு 0.8 வோல்ட், ஆர்068-க்கு 0.54, ஆர்050-க்கு 0.4.

யாரோ ஒரு வீடியோவில் 0.4 வைக்கச் சொன்னார்கள் என்று ஆர்100 போர்டில் வைத்தால் 0.5 ஆம்பியர்தான் கிடைக்கும். மோட்டார் லோடு இல்லாதபோது அழகாகச் சுற்றி, பெல்ட் மாட்டியதும் திணறும். அதற்கு நேர்மாறாக ஆர்050 போர்டில் 0.8 வைத்தால் 2 ஆம்பியர், போர்டு பொசுங்கும். டி.ஆர்.வி.8825-க்குக் கணக்கே வேறு: ஆர்100 இருந்தால் வி-ரெஃப் என்பது கரன்ட்டில் பாதி, 1 ஆம்பியருக்கு 0.5 வோல்ட்.

அளக்கும் முறை: ஏ4988 போர்டுக்கு லாஜிக் பவர் இருக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை திருகின் உலோகத் தலையில். சிவப்பு முனையை முதலைக் கிளிப்பால் ஸ்க்ரூடிரைவரின் கம்பியிலேயே மாட்டிவிட்டால் திருகத் திருக அளவு தெரியும், கை வழுக்கிப் பக்கத்துப் பின்னில் உரசும் அபாயமும் குறையும். சில மலிவு போர்டுகளில் திருகின் திசை எதிராக இருக்கும், அதனால் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கால் கால் சுற்றாகத் திருகுங்கள். மோட்டார் ரேட்டிங்கில் 70 சதவீதத்தில் தொடங்குவது என் வழக்கம்.

சப்ளை வயரில் மீட்டரைத் தொடராக மாட்டி, "0.6 ஆம்பியர்தான் போகுது, இன்னும் ஏத்தலாம்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். கரன்ட்டை நறுக்கும் டிரைவரில் சப்ளையிலிருந்து இழுக்கும் கரன்ட்டும் காயிலில் ஓடும் கரன்ட்டும் வேறு வேறு. சப்ளை கரன்ட் பொதுவாகக் குறைவாகவே காட்டும்.

ஏ4988 ஹீட்சிங்க் இல்லாமல் சுமார் 1 ஆம்பியர் தாங்கும். அதற்கு மேல் ஹீட்சிங்க்கும் ஃபேனும் வேண்டும். ஒட்டும் ஹீட்சிங்க் சாய்ந்து பக்கத்துப் பின்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிப் உள்ளே 165 டிகிரியைத் தொட்டதும் தானே அணைந்து, ஆறியதும் மறுபடி எழும். ஓடி, நின்று, ஓடும் மோட்டாருக்கு இதுதான் காரணம்.

மோட்டார் சுடுவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கை வைக்க முடியாத 60, 70 டிகிரி ஸ்டெப்பருக்குச் சாதாரணம். ஆனால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் பிரிண்ட் செய்த பிராக்கெட்டில் மாட்டியிருந்தால், அது 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து பெல்ட் தளர்ந்துபோகும்.

இப்போது புரோகிராம்

உங்கள் பெரிய புரோகிராமை ஓரமாக வைத்துவிட்டு, லைப்ரரி எதுவும் இல்லாத ஒன்றை எழுதுங்கள். ஸ்டெப் பின்னை ஹை ஆக்கு, 2000 மைக்ரோசெகண்ட் பொறு, லோ ஆக்கு, மறுபடி 2000 பொறு. இதை 200 தடவை. முழு ஸ்டெப்பில் 0.8 விநாடியில் ஷாஃப்ட் ஒரு சுற்று வந்து நிற்க வேண்டும். வந்தால் உங்கள் பெரிய புரோகிராமில்தான் வேகமோ பின் எண்ணோ தவறு. வராவிட்டால் ஸ்டெப் பின்னில் ஒரு எல்.இ.டி.யை ரெசிஸ்டருடன் மாட்டி, இடைவெளியை அரை விநாடியாக்கி, கண்ணால் பாருங்கள்.

இ.எஸ்.பி.32-காரர்களுக்கு இரண்டு குழி. 34 முதல் 39 வரையுள்ள பின்கள் இன்புட் மட்டுமே, அவற்றில் எத்தனை பல்ஸ் எழுதினாலும் வெளியே வராது. அடுத்தது வேகம்: ஹை, லோ இரண்டையும் இடைவெளி இல்லாமல் எழுதினால் பல்ஸ் மிகக் குறுகிவிடும். ஏ4988-க்குக் குறைந்தது 1 மைக்ரோசெகண்ட், டி.ஆர்.வி.8825-க்கு 1.9. ஊனோவின் மெதுவான கட்டளையே இதை மறைத்துவிடும், இ.எஸ்.பி.யில் மறைக்காது.

ஆக்செல்ஸ்டெப்பர் லைப்ரரியில் ஓடிக்கொண்டிருந்தது இப்போது தடுமாறுகிறது என்றால், லூப்புக்குள் டிலேயும் சீரியல் பிரிண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் ரன் ஃபங்ஷன் ஒரு தடவை கூப்பிட்டால் அதிகபட்சம் ஒரு ஸ்டெப்தான் போடும். 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்து போக ஒரு மில்லிசெகண்ட் ஆகும். பஃபர் நிரம்பிவிட்டால் லூப்பே காத்து நிற்கும், அந்த நேரம் மோட்டாரும் நிற்கும்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஊனோவில் இந்த லைப்ரரி நம்பகமாக விநாடிக்கு 4000 ஸ்டெப் வரைதான் போகும். 1/16 மைக்ரோஸ்டெப்பில் ஒரு சுற்றுக்கு 3200. அப்படியென்றால் நிமிடத்துக்கு 75 சுற்றுதான் உச்சம். 300 கேட்டுவிட்டு மோட்டாரைக் குறை சொல்லக் கூடாது. 1/4-க்கு இறங்கினால் 300 கிடைக்கும், கொஞ்சம் சத்தத்தோடு.

நிற்கும் மோட்டாரை எடுத்த எடுப்பில் உச்ச வேகத்தில் ஓடச் சொன்னால் கீச்சென்று கத்தி அங்கேயே நிற்கும். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏற்றுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் உறுமுகிறது, அதற்குக் கீழும் மேலும் அமைதி என்றால் அது ரெசனன்ஸ் (ஒத்ததிர்வு). அந்த வேகத்தில் தங்காமல் கடந்து போங்கள், அல்லது மைக்ரோஸ்டெப்பைக் கூட்டுங்கள்.

சுற்றுகிறது, ஆனால் இடம் தவறுகிறது

ஷாஃப்டிலும் மோட்டார் முகத்திலும் மார்க்கரால் நேருக்கு நேர் ஒரு கோடு போடுங்கள். புல்லி இருந்தால் ஷாஃப்டையும் புல்லியையும் சேர்த்து இன்னொரு கோடு. 10 சுற்று முன்னே, 10 சுற்று பின்னே ஓட்டிவிட்டுக் கோடுகளைப் பாருங்கள்.

ஷாஃப்ட் கோடு சரியாக இருந்து புல்லி கோடு விலகியிருந்தால் புல்லியை ஷாஃப்டில் பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூ வழுக்குகிறது. ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் அதை இறுக்குங்கள். இதைப் பார்க்காமல் கரன்ட்டைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் ஒரே அளவு, ஒரே பக்கம் விலகினால் திசைப் பின்னை மாற்றிய உடனே ஸ்டெப் போகிறது. நடுவில் சில மைக்ரோசெகண்ட் விடுங்கள். ஒரு தடவை இவ்வளவு, அடுத்த தடவை அவ்வளவு என்றால் மோட்டார் லோடு தாங்காமல் ஸ்டெப் விடுகிறது: ஆக்சலரேஷனைக் குறையுங்கள், கரன்ட்டையும் பெல்ட் இறுக்கத்தையும் பாருங்கள்.

தூரம் கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடினால் கணக்குத் தவறு. ஜி.டி.2 பெல்ட்டின் பல் இடைவெளி 2 மி.மீ. 20 பல் புல்லி என்றால் சுற்றுக்கு 40 மி.மீ., 1/16-ல் ஒரு மி.மீ.க்கு 80 ஸ்டெப். சரியாக இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ தவறினால் மைக்ரோஸ்டெப் ஜம்பர் ஒன்று சரியாக உட்காரவில்லை.

10 சுற்று வரை ஒழுங்காகப் போய், 11 கேட்டதும் எதிர்த் திசையில் ஓடுகிறதா? ஊனோவில் 'இன்ட்' வகை எண் 32,767 வரைதான் தாங்கும். 11 × 3200 = 35,200 என்பது வழிந்து மைனஸ் 30,336 ஆகிவிடும், மோட்டாரும் சொன்னபடி கேட்டு ஒன்பதரைச் சுற்று பின்னால் போகும். 'லாங்' பயன்படுத்துங்கள்.

28பி.ஒய்.ஜே-48 வைத்திருப்பவர்களுக்கு

யு.எல்.என்.2003 டிரைவர் போர்டில் நான்கு எல்.இ.டி.யும் மின்னுகின்றன, மோட்டார் மட்டும் நடுங்குகிறது என்றால் பின் வரிசைதான். போர்டின் நான்கு இன்புட்டும் வரிசையாக 8, 9, 10, 11-க்குப் போயிருந்தால், ஆர்டுயினோவின் ஸ்டெப்பர் லைப்ரரிக்கு 8, 10, 9, 11 என்று கொடுக்க வேண்டும். சுற்றுக்கு 2048 ஸ்டெப். நிமிடத்துக்கு 15 சுற்றைத் தாண்டிக் கேட்காதீர்கள். தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்கள், கிரவுண்டை மட்டும் ஆர்டுயினோவுடன் இணையுங்கள்.

இதை வைத்துக் கடிகாரம் செய்தால் ஒரு விஷயம் உதைக்கும். உள்ளே இருக்கும் கியர் சரியாக 64-க்கு 1 அல்ல, சுமார் 63.68. அரை ஸ்டெப்பில் 4096 என்று நினைப்பது உண்மையில் 4076 வாக்கில்தான். ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 1.8 டிகிரி விலகல் சேர்ந்துகொண்டே போகும்.

டிரைவர் செத்ததா என்று எப்படித் தெரியும்?

டிரைவரைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி, 1ஏ, 1பி, 2ஏ, 2பி நான்கிலிருந்தும் கிரவுண்டுக்கு ஓம் அளந்து பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஷார்ட், தூக்கிப் போடலாம். புதியதைச் செருகுமுன் கெப்பாசிட்டர் இருக்கிறதா, மோட்டார் கனெக்டர் ஆடுகிறதா, ஆர்டுயினோவின் ஸ்டெப், திசைப் பின்கள் எல்.இ.டி. சோதனையில் தேறுகின்றனவா என்று பார்த்துவிட்டு, வி-ரெஃபை மோட்டார் மாட்டாமலேயே குறைவாக வைத்து, அதற்குப் பிறகு மோட்டாரை இணையுங்கள்.